காற்றுக்கு உருவம் கொடுத்த சிற்பி

1922-ம் ஆண்டு ஜூன் மாதம்.

மத்திய அமெரிக்காவில் உள்ள குவாதமாலா நாட்டின் கரையை ஒட்டி ஒரு பயணிக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. நியூயார்க்கில் புறப்பட்டு, பனாமா கால்வாய் வழியாக, சான் பிரான்சிஸ்கோ நகருக்குப் போகும் கப்பல் அது.

கப்பலின் அடித்தட்டில், கொதிகலன் அறையில், ஓர் இளைஞன் வேலை செய்துகொண்டிருந்தான். வயது 23. இஞ்சினீயர் பட்டம் பெற்றவன். ஆனாலும் அவன் பார்த்தது நெருப்பு அறைத் தொழிலாளி வேலை.

அறையில் வெப்பம் தாங்க முடியாது. எனவே, இரவில் அவன் மேல்தளத்துக்கு வந்துவிடுவான். சுருட்டி வைத்த கப்பல் கயிறுதான் அவனுக்கு மெத்தை.

ஒருநாள் அதிகாலையில் கண் விழித்தான். கடல் அலையின்றிக் கிடந்தது. ஒரு பக்கம் அடிவானத்தில் நெருப்புச் சிவப்பாகச் சூரியன் எழுந்தது. திரும்பிப் பார்த்தான். எதிர்ப்பக்கத்து அடிவானத்தில், வெள்ளி நாணயம்போல முழுநிலவு இறங்கிக்கொண்டிருந்தது!

இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே வானத்தில். நடுவே ஒரு சிறு கப்பல். அதில் அவன்.

பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் எல்லாக் கடலிலும் நடக்கிற காட்சிதான் இது. எத்தனையோ மாலுமிகள் பார்த்திருப்பார்கள், மறந்தும் போயிருப்பார்கள். அந்த இளைஞன் மறக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் அந்தச் சூரியனையும் அந்த நிலவையும் கம்பியிலும் தகரத்திலும் செய்து செய்து தொங்கவிட்டான்.

அவன் பெயர் அலெக்சாண்டர் கால்டர்.

இன்று "மொபைல்" என்றால் கையில் இருக்கும் தொலைபேசி என்றே எல்லோரும் நினைப்பார்கள். கைப்பேசி பிறப்பதற்கு வெகு காலம் முன்பே அந்தப் பெயர் வேறொரு பொருளுக்குச் சூட்டப்பட்டிருந்தது. கூரையிலிருந்து தொங்கி, காற்றில் அசையும் சிற்பத்துக்கு! அதை உலகுக்குக் கொடுத்தவர் கால்டர்தான். குழந்தையின் தொட்டிலுக்கு மேலே மெல்லச் சுற்றும் மீனும் பறவையும் நட்சத்திரமும்கூட அதே பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன.

பரம்பரைச் சிற்பிகள்

கால்டர் 1898-ம் ஆண்டு, அமெரிக்காவில் பிலடெல்பியா நகரை அடுத்த லான்டன் என்ற இடத்தில் பிறந்தார்.

பிறந்த நாளிலேயே ஒரு வேடிக்கை உண்டு. ஆகஸ்டு 22 என்று அவருடைய தாயார் அடித்துச் சொல்வார். வீட்டில் பிறந்த நாள் விருந்தும் அன்றுதான். பிற்காலத்தில் நகராட்சியின் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தால், அதில் ஜூலை 22 என்று இருந்தது! பெற்ற தாயை நம்புவதா, சர்க்கார் காகிதத்தை நம்புவதா? அவர்கள் வீட்டில் தாய்தான் வென்றார்.

தாயார் நானெட், ஓவியர். தந்தை ஸ்டர்லிங் கால்டர், பேர்பெற்ற சிற்பி. நியூயார்க் நகரின் வாஷிங்டன் சதுக்க வளைவில் நிற்கும் ஜார்ஜ் வாஷிங்டன் சிலைகளில் ஒன்று அவர் செய்தது.

பாட்டனார் அலெக்சாண்டர் மில்ன் கால்டரும் சிற்பிதான். ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். பிலடெல்பியா நகர மண்டபத்தின் உச்சியில் வில்லியம் பென்னின் வெண்கலச் சிலை நிற்கிறது. உயரம் 37 அடி. எடை 20 டன்னுக்கும் மேல். 1894-ல் ஏற்றி வைக்கப்பட்ட அந்தச் சிலை, பாட்டனாரின் கைவண்ணம்.

பாட்டனார் செய்தது அசையாமல் நிற்கும் சிலை. தந்தை செய்ததும் அப்படியே. சிற்பம் என்றால் அசையாமல் நிற்க வேண்டும் என்பதுதான் அன்றைய உலகத்தின் எண்ணம். அந்த வீட்டில் பிறந்த பேரன், ஊதினால் ஆடுகிற சிற்பத்தைச் செய்யப்போகிறான் என்று யார் கண்டார்கள்?

ஆடிய வாத்து

கால்டர் சிறுவனாக இருந்தபோது தந்தையைக் காசநோய் பற்றியது. அந்தக் காலத்தில் அதற்கு மருந்து கிடையாது. வறண்ட காற்றும் ஓய்வும்தான் வைத்தியம். குடும்பம் அரிசோனாவுக்குப் போயிற்று. பிறகு கலிபோர்னியாவில் பாசடீனா நகருக்குப் போயிற்று. தந்தைக்கு வேலை கிடைத்த இடமெல்லாம் ஊர் மாற்றம்; பள்ளி மாற்றம்.

ஆனால் எந்த ஊருக்குப் போனாலும், எந்த வீடானாலும், மகனுக்கு என்று ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தார்கள். அங்கே குறடும் சுத்தியலும் கம்பியும் இருக்கும். தெருவில் கிடந்த செம்புக் கம்பியைப் பொறுக்கி வந்து, அக்கா பெக்கியின் பொம்மைகளுக்கு நகை செய்து கொடுப்பான் பையன்.

1909-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் வந்தது. 11 வயதுக் கால்டர், பித்தளைத் தகட்டை வெட்டி வளைத்து ஒரு நாயும் ஒரு வாத்தும் செய்து பெற்றோருக்குப் பரிசளித்தான். வாத்தை லேசாகத் தட்டினால் முன்னும் பின்னும் ஆடும்!

தந்தை உருவாக்கிய சிலைகள் ஆடவில்லை. மகனின் சிற்பம் ஆடியது.

இஞ்சினீயர் படிப்பு

கலைஞனின் வாழ்க்கை எவ்வளவு கடினம் என்று பெற்றோருக்குத் தெரியும். இன்று வேலை உண்டு, நாளை இல்லை. அந்தப் பாடு மகனுக்கு வேண்டாம் என்று நினைத்தார்கள்.

மகனும் மறுக்கவில்லை. பள்ளித் தோழன் ஒருவன் இயந்திர இஞ்சினீயராகப் போவதாகச் சொன்னான். அப்படியென்றால் என்னவென்று தெரியாமலே, தானும் அதைத்தான் படிப்பேன் என்றார் கால்டர்! நியூஜெர்சி மாநிலத்தில் உள்ள ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து, 1919-ல் பட்டம் பெற்றார்.

அந்தப் படிப்பு வீண்போகவில்லை. நெம்புகோல், எடை, சமநிலை, சுழற்சி ஆகியவற்றை அவர் அங்கேதான் கற்றார். பிற்காலத்தில் அவருடைய சிற்பங்களைத் தாங்கி நின்றது அந்தக் கணக்குத்தான்.

ஆனால் வேலை எதிலும் மனம் நிலைக்கவில்லை. படம் வரைகிற வேலை, மின்சாரக் கம்பெனி வேலை என்று ஒன்று மாற்றி ஒன்று பார்த்தார். கடைசியில்தான் அந்தக் கப்பல் வேலை. அதன் பிறகு மேற்குக் கரையில் மரம் வெட்டும் முகாம் ஒன்றில் நேரக் கணக்கு எழுதும் வேலை. மலையும் காடும் அவரைச் சும்மா இருக்க விடவில்லை. வண்ணமும் தூரிகையும் அனுப்பும்படி வீட்டுக்குக் கடிதம் எழுதினார்.

பெற்றோர் எதை விலக்க நினைத்தார்களோ, அதுவே தேடி வந்தது. 1923-ல் நியூயார்க்கில் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார்.

பெட்டிக்குள் சர்க்கஸ்

படிக்கும்போதே பத்திரிகை ஒன்றுக்குப் படம் வரைந்து கொடுத்தார். 1925-ல் அந்தப் பத்திரிகை அவரைச் சர்க்கஸ் பார்த்துப் படம் வரைய அனுப்பியது. இரண்டு வாரம் தினமும் சர்க்கஸ் கூடாரத்தில் கழித்தார். கம்பியில் நடக்கும் பெண், ஊஞ்சலில் தாவும் வீரன், தும்பிக்கை தூக்கும் யானை எல்லாம் அவர் மனத்தில் புகுந்துகொண்டன.

1926-ல் பாரிஸ் நகருக்குப் போனார். கையில் பணம் இல்லை. சிறு அறை. அங்கே உட்கார்ந்து ஒரு சர்க்கஸையே செய்தார்! கம்பி, துணி, தக்கை, மரத்துண்டு, நூல், பொத்தான்தான் மூலப்பொருள். சிங்கமும் குதிரையும் கோமாளியும் கத்தி எறிபவனும் உருவானார்கள். எல்லாம் உள்ளங்கை அளவு.

தரையில் கம்பளத்தை விரித்து, கால்டரே முழங்காலிட்டு உட்கார்ந்து ஆட்டுவிப்பார். விசில் ஊதுவார். சிங்கம்போல உறுமுவார். பார்வையாளர்கள் மரப்பெட்டிகள்மீது உட்கார்ந்து பார்ப்பார்கள். ஊஞ்சல் வீரன் தாவும்போது மறு ஊஞ்சலைப் பிடிப்பானா, விழுவானா என்று கால்டருக்கே தெரியாது. அவன் விழுவதும் உண்டு. அந்தத் தவிப்புத்தான் அந்தச் சர்க்கஸின் உயிர்!

சில ஆண்டுகளில் சர்க்கஸ் ஐந்து பெட்டிகளாக வளர்ந்தது. பார்க்க வந்தவர்களும் சாமானியர்கள் அல்ல. மீரோ, மோந்திரியான், லெஜே, துஷான் என்று அன்றைய பாரிஸின் பெரிய கலைஞர்கள் பலர் வந்தார்கள். இன்று அந்தச் சர்க்கஸ் நியூயார்க்கில் விட்னி அருங்காட்சியகத்தின் செல்வம்.

குறடு ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரே கம்பியை வளைத்து மனிதர்களின் முகங்களையும் செய்தார் கால்டர். பென்சிலால் தாளில் கோடு போடுவதுபோல, கம்பியால் காற்றில் கோடு போட்டார்.

1929-ல் பாரிஸிலிருந்து நியூயார்க்குக்குக் கப்பலில் திரும்பும்போது லூயிசா ஜேம்ஸ் என்ற பெண்ணைச் சந்தித்தார். புகழ்பெற்ற நாவலாசிரியர் ஹென்றி ஜேம்சின் தம்பி மகன் வயிற்றுப் பேத்தி முறை. 1931 ஜனவரியில் திருமணம். மணமோதிரத்தைக் கடையில் வாங்கவில்லை. மாப்பிள்ளையே தங்கத்தை அடித்துச் செய்தார்! கடைசிவரை இருவரும் ஒன்றாகவே வாழ்ந்தார்கள். இரண்டு பெண் குழந்தைகள்.

ஒரு மாலை, ஒரு கேள்வி

1930 அக்டோபரில் நடந்த ஒரு சிறு சம்பவம் கால்டரின் வாழ்க்கையைத் திருப்பியது.

ஓவியர் மோந்திரியானின் வீட்டுக்கு அவர் போனார். வெள்ளைச் சுவர். அதில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நீள்சதுரக் காகித அட்டைகளை ஆணி குத்தி வைத்திருந்தார் மோந்திரியான். இரு பக்கச் சன்னல்களிலிருந்தும் வெளிச்சம் குறுக்காகப் பாய்ந்தது.

இந்த அட்டைகள் எல்லாம் அசைந்தால் நன்றாக இருக்குமே என்றார் கால்டர்.

மோந்திரியான் முகத்தைச் சுளித்தார். தேவையில்லை, தம் ஓவியம் ஏற்கெனவே வேகமாகத்தான் ஓடுகிறது என்று பதில் சொல்லிவிட்டார்.

கால்டர் வீடு திரும்பினார். அதுவரை மனிதரையும் மிருகத்தையும் செய்துகொண்டிருந்தவர், வட்டமும் கோளமும் வளைகோடும் செய்யத் தொடங்கினார்.

அதே 1930-ம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் புளூட்டோவைக் கண்டுபிடித்தார்கள். (அன்று ஒன்பதாவது கிரகம் என்று கொண்டாடப்பட்ட அது, 2006-ல் குறுங்கோள் பட்டியலுக்கு இறங்கியது.) எங்கும் வானத்தைப் பற்றியே பேச்சு. சூரியனைக் கிரகங்கள் சுற்றுவதைக் காட்டும் பழங்காலப் பொறிகளைக் கால்டர் விரும்பிப் பார்ப்பார். தம் சிற்பங்களுக்கு அடிப்படை இந்தப் பிரபஞ்சமே என்று பிற்காலத்தில் அவர் எழுதினார். வெட்டவெளியில் மிதக்கும் கோளங்கள்; ஒவ்வொன்றுக்கும் ஓர் எடை, ஒரு நிறம், ஒரு வேகம். ஒன்றை ஒன்று இழுக்கிறது. ஒன்றை ஒன்று தாங்குகிறது. இதற்கு மேல் ஒரு சிற்பிக்கு மாதிரி எதற்கு என்பது அவர் எண்ணம்.

முதலில் செய்தவை கைப்பிடியைச் சுற்றினாலோ, சிறு மின்மோட்டாரை ஓட்டினாலோ அசைந்தன. 1931-ல் அவற்றைப் பார்த்த துஷான் ஒரு பெயர் சொன்னார். அதுதான் "மொபைல்". பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு அசைவது என்றும் பொருள். நோக்கம் என்றும் பொருள். அசையாமல் நிற்கும் சிற்பங்களுக்கு "ஸ்டபைல்" என்று பெயர் வைத்தவர் ஆர்ப் என்ற இன்னொரு கலைஞர்.

மோட்டாரில் ஒரு குறை இருந்தது. அது செய்ததையே திரும்பத் திரும்பச் செய்தது. கால்டருக்கு அது சலித்தது. மோட்டாரைக் கழற்றினார். கூரையில் தொங்கவிட்டார். காற்று வந்து அசைக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அன்று முதல் ஒரே சிற்பம் ஆயிரம் உருவம் எடுத்தது.

எப்படி நிற்கிறது?

கால்டரின் மொபைலைப் பார்ப்பவர்கள், இது எப்படிக் கவிழாமல் நிற்கிறது என்று வியப்பார்கள். இரகசியம் எளியது.

மளிகைக் கடைத் தராசில் இரு கைகளும் ஒரே நீளம். இரு தட்டிலும் எடை சமமானால் தராசு நிற்கும். ஆனால் நம் பாட்டன் காலத்து வெள்ளிக்கோலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதைக் கோலின் நடுவில் பிடிப்பதில்லை. ஓரமாகப் பிடித்தாலும் நிற்கும். பாரமான பொருள் குட்டைப் பக்கத்தில். இலேசானது நீளப் பக்கத்தில். அவ்வளவுதான்!

நான்கு பங்கு எடையுள்ள தகடு ஓரடி தூரத்தில் இருந்தால், ஒரு பங்கு எடையுள்ள தகடு நான்கடி தூரத்தில் இருந்து அதைத் தாங்கிவிடும். (கம்பியின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.)

கால்டர் கீழிருந்து மேலே போவார். முதலில் மிகச் சிறிய தகட்டைக் கம்பி நுனியில் மாட்டுவார். மறுநுனியில் வேறொன்று. கம்பியை விரல்மீது வைத்துப் பார்ப்பார். எங்கே சமமாக நிற்கிறதோ, அங்கே ஒரு வளையம் திருகுவார். அந்த வளையத்தை அடுத்த கம்பியின் நுனியில் மாட்டுவார். அதற்கு எதிர் நுனியில் இன்னொரு தகடு. மறுபடி சமநிலை தேடல். இப்படியே படிப்படியாக மேலே. கடைசியில் அத்தனை பாரமும் ஒரே ஒரு புள்ளியில் தொங்கும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு கம்பியும் தன் வளையத்தில் தனியாகச் சுற்றும். ஒன்று வலம் போகும்போது இன்னொன்று இடம் போகலாம். கதவைத் திறந்தால் போதும். யாராவது நடந்து போனால் போதும். சிற்பம் விழித்துக்கொள்ளும். கிரகம் தன்னையும் சுற்றி, சூரியனையும் சுற்றுவதுபோல, ஒவ்வொரு தகடும் தன் பாதையிலும் போகும். பெரிய பாதையிலும் போகும்.

தகடுகளைப் பெரும்பாலும் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நேரடி வண்ணங்களில் தீட்டினார். சிவப்பு என்றால் அவருக்கு உயிர். உடுத்துவதும் பெரும்பாலும் சிவப்புச் சட்டைதான்!

ஐன்ஸ்டைன் பார்த்தாரா?

1934-ல் கால்டர் "ஒரு பிரபஞ்சம்" என்ற சிற்பத்தைச் செய்தார். இது மோட்டாரில் ஓடுவது. கம்பி வட்டங்களுக்குள் இரண்டு சிறு பந்துகள் வெவ்வேறு வேகத்தில் போய் வரும். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அதை வாங்கியது.

அதன் முழுச் சுற்றுக்கு 40 நிமிஷம் ஆகும். விஞ்ஞானி ஐன்ஸ்டைன் அங்கே வந்தபோது, அதன் முன்னால் அந்த 40 நிமிஷமும் நின்று பார்த்தார் என்று ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இயற்கையும் அவரை விடவில்லை. கனெக்டிகட் மாநிலத்தில் ராக்ஸ்பரி கிராமத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டை 1933-ல் வாங்கினார். அங்கே இலையும் விதையும் பனியும் பார்த்தபடி வேலை செய்தார். வெள்ளை வட்டங்கள் மிதக்கும் "பனித்தூறல்" அங்கே பிறந்தது. அந்த நவீனக் கலை அருங்காட்சியகத்தின் மாடிப்படிக்கு மேலே தொங்க 1939-ல் செய்து கொடுத்த மொபைலில், ஒரு பக்கம் கம்பிக் கூண்டு. மறுபக்கம் மீன்வால்போல விரியும் கறுப்புத் தகடுகள். கடலின் அடியிலிருந்து மேலே பார்ப்பதுபோல இருக்கும்.

வீட்டிலும் சும்மா இருக்க மாட்டார். அகப்பை, ரொட்டி வாட்டும் கருவி, மனைவிக்குக் காதணி, மகளுக்குப் பொம்மை எல்லாம் அவர் கைவேலை. உடைந்த பாத்திரத்தைக் கம்பியால் சரிசெய்துவிடுவார்.

பாதரச ஊற்று

1937. ஸ்பெயினில் உள்நாட்டுப் போர். பாரிஸ் உலகப் பொருட்காட்சியில் ஸ்பெயின் குடியரசு தன் மண்டபத்தை அமைத்தது. பிக்காசோ தம்முடைய "குவர்னிகா" ஓவியத்தை வரைந்தது அந்த மண்டபத்துக்குத்தான்.

ஸ்பெயினில் அல்மதேன் என்ற ஊர் பாதரசச் சுரங்கத்துக்குப் பேர்போனது. போரில் இரு தரப்பும் குறிவைத்த இடம். அந்தப் பாதரசத்தைக் கொண்டு ஓர் ஊற்று அமைக்க வேண்டும். வேலை கால்டரிடம் வந்தது. அந்த மண்டபத்தில் வேலை செய்த கலைஞர்களில் அவர் ஓர் அயல்நாட்டவர்.

தார் பூசிய தகடுகளின்மீது பாதரசம் வழிந்து, கீழே குளத்தில் விழும். விழும் வேகத்தில் ஒரு கம்பி ஆடும். அதன் நுனியில் சிவப்பு வட்டம் அசையும். மக்கள் நாணயங்களை வீசினார்கள். அவை மூழ்கவில்லை, மிதந்தன! பாதரசம் அவ்வளவு கனமானது.

அழகு ஒரு பக்கம். ஆனால் பாதரச ஆவி நஞ்சு. அதனால் இன்று பார்சிலோனா நகரில் மீரோ காட்சியகத்தில் அந்த ஊற்று கண்ணாடி அறைக்குள் வைக்கப்பட்டிருக்கிறது.

தபாலில் போன சிற்பம்

இரண்டாவது உலகப் போரில் உலோகத்துக்குப் பஞ்சம். தகடு கிடைக்கவில்லை. கால்டர் மரக்கட்டையைச் செதுக்கினார். கட்டைகளைக் கம்பியால் இணைத்தார். நட்சத்திரக் கூட்டம்போல இருந்தது. பெயரும் அதுவே ஆயிற்று.

1943-ல் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய வேலைகளைத் திரட்டிப் பெரும் கண்காட்சி நடத்தியது.

போர் முடிந்ததும் பாரிஸில் கண்காட்சி நடத்த விரும்பினார். கழற்றி மாட்டும்படியான சிறு மொபைல்களைச் செய்து, விமானத் தபாலில் அனுப்பினார்! தபால் பொட்டலத்தின் அளவுதான் சிற்பத்தின் அளவு. 1946-ல் நடந்த அந்தக் கண்காட்சிக்குத் தத்துவஞானி சார்த்தர் கட்டுரை எழுதினார். 1952-ல் வெனிஸ் நகரின் பெரும் கலைவிழாவில் சிற்பத்துக்கான முதற்பரிசு கால்டருக்குக் கிடைத்தது.

1909-ல் பித்தளை வாத்தைப் பரிசாகப் பெற்ற தந்தை, இதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1945-லேயே காலமாகிவிட்டார்.

வெனிசுலா நாட்டின் தலைநகரான காரகஸ் பல்கலைக்கழகத்தில் பெரிய மண்டபம் கட்டினார்கள். கால்டரின் மேகங்கள் அங்கே கூரையிலும் சுவரிலும் முப்பதுக்கும் மேல் தொங்கின. அலங்காரத்துக்கு மட்டும் அல்ல. ஒலி வல்லுநர்களோடு சேர்ந்து, எதிரொலியை அடக்கிப் பேச்சும் இசையும் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்கும்படி அவற்றை அமைத்தார்கள். 2000-ல் அந்தப் பல்கலைக்கழக வளாகம் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று.

இந்தியாவுக்கு வந்தார்

1955 ஜனவரியில் கால்டர் நம் நாட்டுக்கு வந்தார்.

ஆமதாபாத்தின் ஆலை அதிபர் குடும்பமான சாராபாய் குடும்பத்தின் மகள் கீரா சாராபாய் அவரை அழைத்திருந்தார். கூலி என்ன தெரியுமா? கால்டரும் மனைவியும் இந்தியாவைச் சுற்றிப் பார்க்கலாம். பதிலுக்கு அவர் சிற்பம் செய்து கொடுப்பார். பணப் பேச்சே கிடையாது!

சாராபாய் தோட்டத்தில் உட்கார்ந்து தகடு வெட்டினார் கால்டர். ஒன்பது சிற்பங்களும் சில நகைகளும் அங்கே உருவாயின. நம் ஊர் மரங்களும் அதில் புகுந்துகொண்டன. ஒன்றின் பெயர் "கொய்யா". இன்னொன்றின் பெயர் "பிராஞ்சிபானி". நாம் ஈழத்தலரி என்று சொல்கிற பூ.

கீராவின் அண்ணன்தான் விக்ரம் சாராபாய். அதே ஆமதாபாத்தில் 1947-ல் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கி, விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தவர். 1963-ல் தும்பாவிலிருந்து முதல் ராக்கெட்டை அனுப்பிய முயற்சிக்குத் தலைமை தாங்கியவர். ஒரே குடும்பம். ஒருவர் வானத்தை அளந்தார். இன்னொருவர் வானத்தைத் தகட்டில் செய்பவரை அழைத்து வந்தார்.

ஆடாமல் கட்டிய கொடுமை

புகழ் வந்த பிறகும் கால்டரைத் துன்புறுத்திய சம்பவம் ஒன்று உண்டு.

1958-ல் அவர் செய்த பெரிய மொபைல் ஒன்று, பிட்ஸ்பர்க் நகரக் கண்காட்சியில் பரிசு பெற்றது. அதை விலைக்கு வாங்கிய ஒருவர், அந்த மாவட்ட நிர்வாகத்துக்குக் கொடையாகக் கொடுத்தார். விமான நிலையத்தில் தொங்கவிட்டார்கள்.

கால்டர் தீட்டியது கறுப்பும் வெள்ளையும். நிர்வாகத்தார் அதை அழித்து, தங்கள் மாவட்டத்தின் நிறமான பச்சையும் பொன்னும் பூசினார்கள்! அதோடு விடவில்லை. தகடுகள் தாமாக அசையாதபடி இறுக்கி, மோட்டார் வைத்துச் சுற்றினார்கள்!

காற்றுக்காகச் செய்ததைக் கட்டிப்போட்டால் சிற்பிக்கு எப்படி இருக்கும்? கால்டர் ஆட்சேபித்தார். கேட்பாரில்லை. அவர் இறந்த பிறகுதான் பழைய நிறமும் பழைய அசைவும் திரும்பின.

இன்னும் சில ஊர்களில் நேர்மாறாக நடந்தது. மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் 1969-ல் சிவப்பு இரும்புச் சிற்பம் ஒன்றை நிறுவினார். முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு ஊருக்கே அது சின்னமாயிற்று. நகராட்சிக் கடிதத் தாளிலும் குப்பை லாரியிலும் அதன் படம்! 1974-ல் சிகாகோ நகரில் 53 அடி உயரச் "செந்நாரை" நிறுவப்பட்டபோது, ஊரே சர்க்கஸ் ஊர்வலம் நடத்தியது. 76 வயதுக் கால்டர் சர்க்கஸ் வண்டியில் ஏறி ஊர்வலம் வந்தார். பெட்டிக்குள் சர்க்கஸ் வைத்திருந்தவரைச் சர்க்கஸே தூக்கிச் சென்றது!

வேடிக்கை மனிதர்தான். ஆனால் மனச்சாட்சியை விளையாட்டாக நினைக்கவில்லை. வியத்நாம் போரை எதிர்த்து அவரும் மனைவியும் 1966-ல் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார்கள். அவர் இறந்தபின், 1977 ஜனவரியில் ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு அறிவிக்கப்பட்டது. குடும்பத்தார் விழாவுக்குப் போகவில்லை. அந்தப் போருக்குப் போக மறுத்த இளைஞர்களுக்கு மன்னிப்பு வேண்டும் என்பதைக் காட்டவே அப்படிச் செய்தார்கள்.

கடைசி மொபைல்

வாஷிங்டன் நகரில் தேசிய கலைக்கூடத்துக்குப் புதிய கட்டடம் எழும்பியது. கட்டடக் கலைஞர் ஐ. எம். பெய். நடுவே மிகப் பெரிய கூடம். அதில் தொங்க ஒரு மொபைல் வேண்டும்.

கால்டர் மாதிரி செய்து கொடுத்தார். கையளவு மாதிரி, ஊதினாலே ஆடியது. ஆனால் அதை 76 அடிக்குப் பெரிதாக்க வேண்டும். வழக்கம்போல எஃகில் செய்தால் ஆயிரக்கணக்கான பவுண்டு எடை. கூடத்தின் மெல்லிய காற்று அதை அசைக்குமா?

அசையாவிட்டால் அது மொபைல் ஆகாது. கூரையில் தொங்கும் இரும்பு. வாழ்நாள் முழுவதும் செய்த வேலை, கடைசியில் பாட்டனாரின் சிலைபோல அசையாமல் நின்றுவிடும்!

வழி கண்டுபிடித்தவர் பால் மத்தீஸ். ஓவியர் மத்தீசின் பேரன். இரு மெல்லிய அலுமினியத் தகடுகள். நடுவே தேன்கூடுபோல அறை அறையாக அலுமினியம். பார்த்தால் கெட்டித் தகடு, எடுத்தால் இலேசு. கைகளுக்கும் உள்ளே கூடான குழாய்கள். கால்டர் இதற்குச் சம்மதித்தார்.

1976 அக்டோபரில் விட்னி அருங்காட்சியகத்தில் அவருடைய வாழ்நாள் வேலைகளின் மாபெரும் கண்காட்சி திறக்கப்பட்டது. "கால்டரின் பிரபஞ்சம்" என்று பெயர். அப்பொழுதும் அவர் ஓயவில்லை. நவம்பரில்கூட, வாஷிங்டனில் அமைய வேண்டிய இன்னொரு சிற்பத்தின் மாதிரியைச் சரிபார்க்கப் போய் வந்தார்.

1976 நவம்பர் 11. நியூயார்க்கில் மாரடைப்பால் கால்டர் காலமானார். வயது 78.

ஓராண்டு கடந்தது. 1977 நவம்பர் 18-ந் தேதி, வாஷிங்டன் கூடத்தில் அந்தக் கடைசி மொபைலைத் தூக்கி மாட்டினார்கள். எடை 920 பவுண்டு. அதாவது சுமார் 417 கிலோ.

கயிறுகளை விலக்கினார்கள். மோட்டார் கிடையாது. தள்ள ஆள் கிடையாது.

கூடத்தின் காற்றில் அது மெல்ல அசைந்தது. பிறகு சுற்றத் தொடங்கியது!

செய்தவர் அதைப் பார்க்கவில்லை. அதற்குப் பெயரும் அவர் வைக்கவில்லை. இன்றும் அது பெயர் இல்லாமலே சுற்றுகிறது.

மூன்று தலைமுறை

பிலடெல்பியாவில் ஒரே நீண்ட சாலை. ஒரு முனையில், நகர மண்டபத்தின் உச்சியில், பாட்டனார் செய்த வில்லியம் பென். நடுவில், தந்தை 1924-ல் முடித்த நீரூற்று. மறுமுனையில், கலைக்கூடத்தின் படிக்கட்டு மண்டபத்தில், பேரன் செய்த வெள்ளை மொபைல். அதன் பெயர் "ஆவி". 2025-ல் அதே சாலையில் கால்டருக்கு என்றே ஒரு தோட்டமும் காட்சிக்கூடமும் திறக்கப்பட்டன.

வெண்கலம் நிற்கிறது. தண்ணீர் பாய்கிறது. தகடு மிதக்கிறது.

கப்பல் தளத்தில் கயிற்றின்மீது படுத்திருந்த இளைஞன் அன்று பார்த்தது இரண்டு வட்டங்கள். ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது. எதுவும் அவற்றைத் தாங்கவில்லை, எதுவும் விழவில்லை. அதைத்தான் அவர் 50 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு குறட்டையும் கொஞ்சம் கம்பியையும் வைத்துச் செய்து காட்டினார்.